பெயர் சொல்லாத வியாதி

நம் குடும்பங்களில் சில விஷயங்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை என்று ஒரு சம்பிரதாயம் உண்டு. இரவு வேளையில் பாம்பைப் பாம்பென்று சொல்ல மாட்டோம், பூச்சி என்போம். வைசூரி கண்ட வீட்டில் 'அம்மை வார்த்திருக்கிறது' என்று மரியாதையாகச் சொல்லி வாசலில் வேப்பிலை செருகினோம். அந்த வைசூரி 1975-ஆம் ஆண்டோடு இந்தியாவை விட்டு ஒழிந்தது. ஒழிந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் படியேறி, முகமெல்லாம் கொப்புளித்த ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி, "இம்மாதிரி யாருக்காவது இங்கே கண்டிருக்கிறதா?" என்று கூச்சமின்றிக் கேட்டது.

வைசூரி காலி செய்து விட்டுப் போன அந்த மௌன ஸ்தானத்தில் இப்போது புற்றுநோயை உட்கார்த்தி வைத்திருக்கிறோம். 'அந்த வியாதி' என்று சொல்லும்போதே குரல் தாழ்கிறது; கண்கள் சமையலறைப் பக்கம் ஓடுகின்றன. இறந்து போனவர்களுக்குப் பத்திரிகையில் போடும் விளம்பரத்திலும் 'சில காலம் நோய்வாய்ப்பட்டிருந்து' என்றுதான் போடுகிறோம்.

பெயர் என்னவோ பொருத்தமான பெயர்தான். கரையான் புற்று கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே அறை அறையாக வளர்ந்து, பிறகே வெளியே தலை காட்டுகிறது. கிரேக்க தேசத்துப் பழைய வைத்தியர்கள் இதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். கட்டியைச் சுற்றிலும் இரத்தக் குழாய்கள் நண்டுக் கால்களைப் போல் பரந்திருப்பதைக் கண்டு அப்படி அழைத்தார்களென்று சொல்லுகிறார்கள். அந்த நண்டுதான் லத்தீன் மொழியில் கான்ஸர் ஆயிற்று. நம் பஞ்சாங்கத்தில் கடக ராசியில் உட்கார்ந்திருப்பதும் அதே நண்டுதான். பாவம், அதன் மேல் யாருக்கும் கோபமில்லை.

இந்த நண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்து மூன்று வருஷங்களாகின்றன. நாங்கள் வைத்தியர்களல்லர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் குடும்பம். ஆனாலும் இந்த மூன்று வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த படிப்பு, கலாசாலையில் வாங்கிய பட்டத்தை விடப் பெரியதென்று சொல்லத் தோன்றுகிறது. நேயர்களில் எத்தனையோ பேர் இதே படிப்பைக் கதவைச் சாத்திக் கொண்டு தனியாகப் படித்துக் கொண்டிருப்பார்கள். அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறோம்.

எங்கள் தாயாருக்கு அப்போது வயது அறுபத்தைந்து. தை மாதத்தில் இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வைகாசியில் அண்ணாவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாண வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு என்று அவர் வாயைத் திறக்கவேயில்லை. பந்தல் பிரித்து, பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து விடும்போது அண்ணியின் கையில்தான் அது அகப்பட்டது. "இது என்ன அத்தை?" என்று அண்ணி கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கிறது, வலிக்கிறதா என்ன?" என்றாராம்.

வலிக்கிறதா என்ன! தமிழ்நாட்டில் எத்தனை ஸ்திரீகளின் உயிரை இந்த ஒரு வாக்கியம் கொண்டு போயிருக்கிறதோ தெரியாது. மார்பகத்தில் தோன்றும் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதேயில்லை. நாமோ வலியைக் கொண்டே வியாதியை அளந்து பழகியவர்கள். பல் வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். வலியில்லாத கட்டியை ஐந்து மாதம் மடியில் வைத்துக் கொள்ளுகிறோம்.

முதலில் பார்த்த வைத்தியரும் (ஊரும் பேரும் வேண்டாம்) வலியில்லை என்பதையே சாக்காகக் கொண்டு, கொழுப்புக் கட்டியாயிருக்கும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பி விட்டார். விட்டுக் கொடுக்காதவள் அண்ணாவின் இளைய பெண். அவள் அப்போது எம்.எஸ்ஸி. வாசித்துக் கொண்டிருந்தாள். "பாட்டி, ஆறு மாதமெல்லாம் முடியாது. ஆறு நாளில் மாமோகிராம் எடுக்க வேண்டும்" என்று சண்டை பிடித்துச் சென்னைக்கு அழைத்துப் போனாள். மார்பகத்தைத் தகடுகளுக்கிடையில் அழுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பதற்கே மாமோகிராம் என்று பெயர். படத்தைப் பார்த்த டாக்டர், பயாப்ஸி செய்ய வேண்டுமென்றார். அதாவது, ஊசி வழியாகக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பது.

இங்கேதான் உறவினர் மகாநாடு கூடிற்று. ஊசி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவி விடும், கத்தி பட்டால் மூன்றே மாதம் என்று ஆளுக்கோர் உதாரணம் சொன்னார்கள். இந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தால் விளங்குகிறது. முற்றிப் போய் நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிய பிறகே அக்காலத்தில் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கத்தி பட்டாலும் படாவிட்டாலும் அவர்கள் அதிக நாள் இருந்திருக்க மாட்டார்கள். பழி கத்தியின் மேல் விழுந்தது. சோதனை செய்யாமல் இன்ன ஜாதிப் புற்று என்று தெரியாது. இன்ன ஜாதி என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. டாக்டர் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு மகாநாடு கலைந்தது.

பதில் வந்தது. புற்றுதான், இரண்டாவது கட்டம்.

நாங்கள் எல்லோரும் கூடி அழுது முடித்த பிறகு, பெரியப்பாவும் அண்ணாவும் ஒரு தீர்மானம் போட்டார்கள். தாயாரிடம் இந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் மனம் ஒடிந்து போவார். சாதாரணக் கட்டி, எடுத்து விடுவார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். இளையவர்களான நாங்கள் ஆட்சேபித்தோம், எடுபடவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பீரோவில் வேஷ்டிகளுக்கு அடியில் போயின. டெலிபோன் பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மூன்று வாரம் இந்த ரகசியத்தைப் பெரியவர்கள் கட்டிக் காத்தார்கள். ரண சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சென்னைக்குப் போன அன்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் திரும்பிய இடத்தில் 'புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு' என்று ஓர் அடி உயரத் தமிழ் எழுத்தில் பலகை மாட்டியிருந்தது.

தாயார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு அதை ஒரு முறை படித்தார். பிறகு பெஞ்சியில் உட்கார்ந்தார். அண்ணாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"போர்டைப் படித்து விட்டேன். இனிமேல் நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழிக்க வேண்டாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "சாதாரணக் கட்டி என்று நீ சொன்னபோதே உன் முகம் சொல்லி விட்டதடா. நான் கேட்டால் நீங்கள் பயந்து போவீர்களே என்றுதான் சும்மா இருந்தேன்" என்றார்.

மூன்று வாரம் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாடகம் நடந்திருக்கிறது! பிள்ளைகளுக்காகத் தாய் தெரியாதது போலிருந்தார்; தாய்க்காகப் பிள்ளைகள் சிரித்தார்கள். இரவில் அவரவர் தலையணையில் அவரவர் அழுதார்கள். அன்பினால் செய்யப்பட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்கு வேண்டியிருந்தது அந்த அன்பல்ல என்பது எங்கள் அபிப்பிராயம். இதைப் பற்றி எங்கள் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். சாதாரணக் கட்டி என்று சொல்லி அழைத்து வரப்படும் நோயாளிகளில் சிலர் இரண்டாவது ஊசியோடு நின்று விடுகிறார்களாம். சாதாரணக் கட்டிக்கு இத்தனை வாந்தியும் வேதனையும் எதற்கு என்று அவர்கள் கேட்பதில் என்ன தப்பு? பெயர் தெரிந்தவருக்கே வைத்தியத்தைப் பொறுத்துக் கொள்ளும் காரணமும் தெரியும்.

அன்று மாலையே இளையவள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் வாங்கினாள். டாக்டரிடம் கேட்க வேண்டியவை இடது பக்கம். அவர் சொன்ன பதில் வலது பக்கம். டாக்டர்களுக்கு அவகாசம் குறைவு. அவர்கள் முன்னால் உட்கார்ந்ததும் நமக்கு எல்லாக் கேள்வியும் மறந்து போகிறது. எழுதிக் கொண்டு போனால் ஐந்து நிமிஷத்தில் பத்துக் கேள்வி கேட்டு விடலாம். இந்த யுக்தியை எல்லாக் குடும்பங்களுக்கும் சிபாரிசு செய்கிறோம். பிறகு பாட்டியே அதை வாங்கி வைத்துக் கொண்டு, தம் கேள்விகளைத் தாமே எழுத ஆரம்பித்தார். முதல் கேள்வி: "ஊறுகாய் சாப்பிடலாமா?"

புற்றுநோய் என்பது வெளியிலிருந்து வந்த விரோதியல்ல என்பதைத் தாயாருக்கு விளக்குவதுதான் கஷ்டமாயிருந்தது. பள்ளியில் செல்லின் படம் வரைந்து பாடம் சொல்லுவது போலவே வீட்டிலும் பலகையில் வரைந்து காட்டினோம். உடம்பு கோடானுகோடிச் செல்களால் ஆனது. ஒவ்வொன்றும் வேளை வந்தால் இரண்டாகப் பிரியும், வேளை வந்தால் மடியும். அந்தக் கட்டளை எழுதப்பட்ட ஏட்டில் எழுத்துப் பிழைகள் நேர்ந்து, ஒரு செல் நிறுத்தாமல் பிரிந்து கொண்டே போனால் அதுவே புற்று. "அப்படியானால் நம் வீட்டுப் பிள்ளையே கெட்டுப் போன மாதிரி" என்றார் தாயார். அதை விட நன்றாக எங்களால் சொல்லியிருக்க முடியாது.

இந்தப் பிழை தொத்துகிறதல்ல. தொட்டால் வராது; ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. இவ்வளவு தெரிந்தும், பார்க்க வந்த ஒரு நெருங்கிய உறவினர் அம்மாவுக்கென்று தனி டம்ளர் ஒன்றைப் பெயர் வெட்டிக் கொண்டு வந்து வைத்தார். அன்பளிப்பென்றே சொன்னார். தாயார் அதை வாங்கி, காப்பி ஆற்றி, வந்தவரிடமே முதலில் நீட்டினார். அவர் குடித்துத்தான் ஆக வேண்டியதாயிற்று.

யோசனைகளுக்கும் பஞ்சமில்லை. வாட்ஸ்அப் என்னும் புதிய புராணத்தில் தினம் ஒரு மூலிகை வந்தது. முள்சீத்தாப் பழம் என்றார்கள். சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடி நித்தியகல்யாணி இலையைப் பறித்து வந்து, கஷாயம் வைக்கச் சொன்னார். இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், நித்தியகல்யாணியைப் பற்றி அந்த அம்மாள் சொன்னதில் உண்மை இருந்தது. கஷாயம் பற்றிச் சொன்னதில்தான் ஆபத்து இருந்தது. நீரிழிவுக்கு இந்தச் செடி நல்லது என்ற பேச்சைக் கேட்டு 1950-களில் கனடா தேசத்தில் ஆராய்ந்தார்கள். இரத்தத்திலுள்ள சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் மிதமிஞ்சிப் பெருகுவதுதானே இரத்தப் புற்று? அந்த வழியே போய் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் இந்தச் செடியிலிருந்து கிடைத்தன. மூட்டை மூட்டையாக இலையைப் பிழிந்தால் குன்றிமணி எடையில் மருந்து கிடைக்கிறது. அந்தக் குன்றிமணியையும் அளவு தவறிக் கொடுத்தால் ஆளைக் கொல்லும். அப்படிப்பட்டதைக் குத்துமதிப்பாகக் கொதிக்க வைத்துக் குடிப்பதா? இலை தொட்டிக்குப் போயிற்று. செடி இன்னும் கொல்லையில் பூத்துக் கொண்டிருக்கிறது.

இந்த மருந்துகளின் கதையில் நம் நாட்டார் இருவர் வருகிறார்கள். அவர்களைப் பாடப் புஸ்தகத்தில் ஏன் பெரிய எழுத்தில் போடவில்லையென்று எங்களுக்கு மனத்தாங்கலுண்டு. யெல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் வைத்தியம் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று ரண சிகிச்சை வகுப்பில் கதர் அங்கி உடுத்தார். அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காமல், பெரிய பட்டம் கிடைக்க வேண்டியவருக்குச் சின்னப் பட்டமே கிடைத்தது. அமெரிக்கா போய் அவர் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் அமினாப்டெரின் என்ற மருந்து பிறந்தது. பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 1947-48-ல் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை மருந்தென்பதே இல்லாத அவ்வியாதி சில மாதங்களாவது பின்வாங்கிற்று. அதே 1948-ல் சுப்பாராவ் காலமானார். அவர் கூடத்திலேயே பிறந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் வழங்குகிறது. இரத்தப் புற்று கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர், நல்ல வைத்தியம் கிடைக்குமிடங்களில், இப்போது பிழைத்து விடுகிறார்கள்.

மற்றவர் மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணி. அமெரிக்காவில் மன்ரோ வால் என்பவரோடு சேர்ந்து, யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து பாக்லிடாக்ஸெல் என்ற பொருளைப் பிரித்து 1971-ல் வெளியிட்டார். எங்கள் தாயாருக்கு ஏற்றிய மருந்துகளில் அதுவும் ஒன்று. பாட்டில் தலைக்கு மேல் தொங்கும்போது இந்தக் கதையை இளையவள் சொன்னாள். "மரப்பட்டையா? அப்படியானால் கஷாயம்தான், டாக்டர்கள் ஒத்துக் கொள்ள மாட்டார்கள்" என்றார் பாட்டி.

இன்னொரு குடும்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-ல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறியாதார் யார்? அவருடைய தங்கையைப் புற்றுநோய் கொண்டு போயிற்று. வீட்டிலேயே டாக்டர், ஆயினும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அம்மையார் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. வருஷக்கணக்காகப் பேசி, எழுதி, பொது ஜனங்களிடம் பணம் திரட்டினார். 1952-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் மாதம் அடையாற்றில் 12 கட்டில்களோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் ஆயுள் முழுவதையும் அதற்கே கொடுத்தார்கள். சாந்தா அம்மையார் 2021-ல் மறையும் வரையில் அந்த வளாகமே அவருக்கு வீடு. ஒரு வீட்டுத் துக்கம் நாட்டுக்கே ஆஸ்பத்திரியானதற்கு, அதை வெளியே சொல்லும் துணிவு முதலில் வேண்டியிருந்தது.

ஊசி மருந்து மூன்று வாரத்துக்கொரு முறை ஏறிற்று. முதல் நாலு முறை கொடுத்தது சிவப்பு மருந்து. செம்பருத்திச் சாறு போலிருக்கும். மருந்துக்குக் கண்ணில்லை, வேகமாகப் பிரியும் செல்களையெல்லாம் அடிக்கிறது. புற்றும் வேகமாகப் பிரிகிறது. மயிர்க்காலும், வாயின் உட்தோலும், இரத்த அணுவை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் அப்படியே. ஆகையால்தான் மயிர் உதிர்கிறது, வாய் புண்ணாகிறது. மயிர் உதிர்வது கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். உயிருக்கு ஆபத்தானது காய்ச்சல். ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் சமயம் உஷ்ணமானி 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். கஷாயம் வைத்துக் காலையில் பார்க்கலாமென்று இருக்கக் கூடாது. எங்கள் நோட்டுப் புஸ்தகத்தில் சிவப்பு மையால் எழுதிய வரி அது ஒன்றுதான். ஒரு தரம் இரவு இரண்டு மணிக்கு வாடகைக் கார் பிடித்தோம்.

மயிர் உதிரத் தொடங்கியதும் தாயார் தாமே நாவிதரை வரவழைத்து மழித்துக் கொண்டார். "பேத்தி கல்யாணத்துக்காக வைத்தீசுவரன் கோயிலுக்கு முடி நேர்ந்து கொண்டிருந்தேன். கணக்குத் தீர்ந்தது, பஸ் செலவும் மிச்சம்" என்றார். அண்ணி மட்டும் கிணற்றடிக்குப் போய் அழுது விட்டு வந்தாள்.

பணத்தைப் பற்றி விரித்தெழுத மனமில்லை. அண்ணியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின, பாதி மீண்டன. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் பெயரிலான காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நடுத்தரக் குடும்பங்கள் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கின்றன. முன்கூட்டியே காப்பீடு செய்து கொள்ளாத வீடுகளில் ஒரு வியாதி ஒரு தலைமுறையின் சேமிப்பைத் தின்று விடுகிறது.

ஆனால் எங்கள் வீட்டில் பணத்தை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பெண் கொடுக்கல் வாங்கலில் 'அந்தக் குடும்பத்தில் அந்த வியாதி உண்டு' என்று ஊர் பேசினால்? மௌனத்துக்கு மூல காரணமே இதுதான். நோட்டுப் புஸ்தகத்தில் இளையவள் எழுதிய கேள்விகளிலே இதுவும் இருந்தது, பாட்டிக்குத் தெரியாமல் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: "எனக்கும் வருமா?" டாக்டர் பதில் சொன்னார். மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் பரம்பரையாக வருவது. குடும்பத்தில் இளவயதிலேயே பலருக்கு வந்திருந்தால் அதற்கென்று இரத்தப் பரிசோதனை உண்டு. எங்கள் குடும்ப விவரங்களைக் கேட்ட பிறகு, அப்படிச் சந்தேகிக்க இடமில்லை என்றார். இன்று இந்தியாவில் ஸ்திரீகளுக்கு மிகுதியாக வரும் புற்று மார்பகப் புற்றுதான். எல்லா வீட்டிலும் வரக் கூடியதற்கு ஒரு வீட்டைத் தள்ளி வைப்பது என்ன நியாயம்?

சிகிச்சை முடிந்தது. இப்போது தினம் ஒரு மாத்திரை. ஐந்து வருஷம் சாப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கொரு பரிசோதனை. குணமாகி விட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. தாயாரும் வற்புறுத்திக் கேட்பதில்லை. பரிசோதனைக்கு முந்தின இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை என்பது மட்டும் உண்மை.

போன ஆவணியில் இளையவளைப் பெண் பார்க்கத் திருச்சியிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்தார்கள். நல்ல மனிதர்கள். கேசரியும் பஜ்ஜியும் ஆன பிறகு, பிள்ளையின் தாயார் பொதுவாக விசாரிப்பது போல், "வீட்டில் பெரியவர்களெல்லாம் ஆரோக்கியந்தானே?" என்றார். அண்ணா வாயெடுப்பதற்குள் எங்கள் தாயார் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். "எனக்கு மார்பிலே புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் ஆகி, ஊசி போட்டு, கரண்ட் வைத்து, மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருக்கிறேன். ஐந்து மாதம் நானே மறைத்து வைத்திருந்தேன். உங்கள் வீட்டிலே பெண்கள் யாராவது அப்படி வைத்திருந்தால் உடனே காட்டச் சொல்லுங்கள்" என்றார்.

கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர்கள் விடை பெற்றுக் கொண்டார்கள்.

அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. பத்து நாள் கழித்து, ஜாதகம் சரியில்லை என்று தகவல் வந்தது. இருபது நாள் கழித்து அந்தப் பிள்ளையின் தாயாரே எங்கள் தாயாரைத் தனியாக டெலிபோனில் கூப்பிட்டார். அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தாயார் எங்களிடம் சொல்லவில்லை. சென்னை டாக்டரின் விலாசம் எழுதியிருக்கும் பக்கம் எது என்று மட்டும் பேத்தியிடம் கேட்டு, நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக் கொண்டு உள்ளே போனார்.